ஆச்சி பதில்கள்: வளவில் ஒரு கல்யாணம்

தை முகூர்த்தத்துக்கு இப்போதே ஓட ஆரம்பித்துவிட்டார்கள் போலிருக்கிறது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கல்யாணக் கடிதம். மாமியார் மருமகள் வழக்குகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, ஊரில் எளிமையாகக் கல்யாணம் வைக்க நினைக்கிறவர்களுக்கு மட்டும் இந்த முறை பதில் சொல்கிறேன்.

கேள்வி: மகள் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். "மண்டபம் வேண்டாம் அப்பச்சி, நம்ம ஊர் வீட்டுலயே சின்னதா வச்சிருவோம்" என்கிறாள். வீடு பூட்டிக் கிடந்து பல வருஷம் ஆகிறது. என் தம்பியோ, "காரைக்குடியில மண்டபம் பிடிச்சா பணத்தைக் கொடுத்துட்டு நிம்மதியா உட்காரலாம்" என்கிறான். எதை விடலாம், எதை விடக்கூடாது?
– பெண்ணின் தகப்பனார், கண்டனூர்

மகள் சொல்கிறபடி செய்யுங்கள். தம்பி பேச்சிலும் நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

விடக்கூடாதவை நம் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், வழக்கத்தில் அதிகம் இல்லை. ஒன்பது நகரக் கோயில்களில் உங்களுடையது எதுவோ, சம்பந்தப்புரத்தாருடையது எதுவோ, இரண்டிலும் முன்னதாகச் சொல்லிப் பதிந்து, முகூர்த்தத்துக்குக் கோயில் மாலை வந்து சேர வேண்டும். மாலை வந்தால்தான் நகரம், அதாவது நம் சமூகம், அந்தக் கல்யாணத்தை ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. புதுத் தம்பதி ஒரு புள்ளியாக, அதாவது கணக்கில் ஒரு குடும்பமாக, ஏறுவதும் அதை வைத்துத்தான். ஒரே கோயில் பங்காளிகளுக்குள் கொடுத்து எடுப்பதில்லை, பிள்ளையார்பட்டியும் இரணியூரும் அண்ணன் தம்பி முறை என்பதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு யாராவது சொல்லத்தான் வேண்டும்.

அப்புறம் இசைகுடிமானம். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து, இன்னார் மகனுக்கு இன்னார் மகள் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. முன்பு ஓலை, இப்போது தாள். அரசாங்கம் கல்யாணத்தைப் பதியச் சொல்வதற்கு வெகுகாலம் முன்பே எழுதிவைத்துக்கொண்ட வணிகக் கூட்டம் நாம். அதை மட்டும் அவசரத்தில் மண்டப மேனேஜர் மேசையில் வைத்துக் கிறுக்க வேண்டாம், வீட்டுக் கூடமான பட்டாலையில் பாய் விரித்து உட்கார்ந்து எழுதுங்கள்.

கழுத்துரு என்கிற பெரிய தங்கத் தாலி வேண்டும். இன்றைய பவுன் விலையில் புதிதாகச் செய்யப் போனால் வீட்டின் ஒரு கட்டை விற்க வேண்டிவரும். இரண்டு வீட்டில் எந்த வீட்டிலாவது பழையது இருந்தால், மஞ்சள் கயிற்றை மாற்றி, புதிதாகக் கோத்துப் பூட்டுங்கள். அன்றைக்குக் கழுத்தில் ஏறிவிட்டுப் பெட்டிக்குள் போய், அறுபதாம் கல்யாணத்துக்கு வெளியே வருகிற உருப்படி அது. அன்றாடம் கிடக்கப் போவது சிறுதாலிதான். மணை, விளக்கு, நாயனம், சங்கு, பெரியவர்கள் நாலு பேர் இருந்தால் திருப்பூட்டு, அதாவது தாலி கட்டு, நடந்துவிடும்.

விட வேண்டியதில் முதல் இடம் சாமான் பரப்புவதற்கு. என் கல்யாணத்தில் வளவு, அதாவது உள்முற்றம், கொள்ளாமல் பரப்பினார்கள். பித்தளை, வெண்கலம், எவர்சில்வர், பீங்கான், எனாமல்; ஒரே அளவுக் குண்டான் டஜன் கணக்கில். அதில் நான் புழங்கியது ஒரு இட்லிக் கொப்பரையும் சில போகணிகளும்தான். மீதி எங்கள் புள்ளிக்குரிய அறையான இரட்டை வீட்டுக்குள் அடுக்கியது அடுக்கியபடியே இருந்து, பிள்ளைகள் தலையெடுத்ததும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. பழஞ்சாமான் கடைகள் உள்ள அந்தத் தெருவில் ஒரு நாள் நடந்து பாருங்கள். யாரோ ஓர் ஆச்சியின் பெயரெழுத்து வெட்டிய தூக்குச்சட்டி விலைக்குத் தொங்கிக்கொண்டிருக்கும். அதை வாங்க அவளுடைய அப்பச்சி எதை அடகு வைத்தாரோ!

நாளையும் குறைக்கலாம். நாட்கணக்கில் பந்தி போட்ட கல்யாணங்கள் கொண்டுவிற்க, அதாவது வெளிநாட்டு வியாபாரத்துக்கு, போன இடத்திலிருந்து பணம் வந்த காலத்துச் சமாசாரம். முதல் நாள் மாலை எல்லாரும் வந்து சேரட்டும், மறுநாள் காலை திருப்பூட்டு, மாலையில் பெண் அழைத்துக்கொண்டு போகட்டும். போதும்.

இனி வீட்டுக்கு வருவோம். முதல் வேலை துடைப்பம் எடுப்பதில்லை, போன் எடுப்பது. உங்கள் வீட்டில் எத்தனை புள்ளி? அத்தனை பேருக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நல்லது கெட்டதுக்கு வளவு எல்லாருக்கும் பொது என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். ஆனாலும் சொல்லாமல் செய்தால், பத்து வருஷமாக ஊர்ப்பக்கம் வராதவருக்குக்கூட அன்றைக்கு ரோஷம் வந்துவிடும். அவரவர் இரட்டை வீட்டுச் சாவி சிங்கப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கும். அதைத் திறக்கச் சொல்லி மல்லுக்கட்ட வேண்டாம். வளவும் பட்டாலையும் அதற்கடுத்த இரண்டாங்கட்டும் கிடைத்தால் இருநூறு பேருக்குக் கல்யாணம் செய்யலாம்.

மூன்று வாரம் முன்னாலேயே ஆளை விட்டு ஒட்டடை அடியுங்கள். முகப்பு உச்சியில் தேன்கூடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், நாயனச் சத்தத்துக்கும் ஓமப் புகைக்கும் அது கலைந்தால் மாப்பிள்ளை ஓட வேண்டியதுதான். கறை போகவில்லை என்று தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் ஆசிட் ஊற்றவிடாதீர்கள். சிமெண்டில் வார்த்த கல் அது, பூவெல்லாம் வெளுத்துப் போகும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடை துடைத்தால் மினுங்கும். அலங்காரக்காரர் வந்து சுண்ணாம்புச் சுவரில் டேப் ஒட்டுவேன், தேக்குத் தூணில் ஆணி அடிப்பேன் என்பார். அவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுங்கள். மாவிலையும் வாழை மரமும் கட்டக் கயிறு போதும். கழிப்பறைதான் நம் பெரிய வீடுகளின் சின்னக் குறை. நடமாடும் கழிப்பறை வாடகைக்குக் கிடைக்கிறது, கூச்சப்படாமல் பின்கட்டுப் பக்கம் இரண்டு நிறுத்துங்கள். எளிமை என்று சொல்லி வயசான ஆச்சிகளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரவைக்கக் கூடாது.

இப்போது தம்பி சொல்கிற நிம்மதி. மண்டபத்தில் அது கிடைக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மண்டபத்துச் சமையல்காரர் கேட்கிற முதல் கேள்வி 'எத்தனை இலை?' அதைக் கேட்ட நிமிஷத்திலிருந்து நீங்கள் பெயர்களை அடிக்கத் தொடங்குவீர்கள். முதலில் அடிபடுகிறவர்கள் ஊர்க்காரர்கள். பூட்டிய வீட்டுத் திண்ணையில் காவலுக்குப் படுத்தவர், உங்கள் ஆத்தாளுக்கு முடியாமல் போனபோது ராத்திரியில் கார் ஓட்டி வந்த பையன், இவர்களெல்லாம் 'மறுநாள் பார்த்துக்கலாம்' பட்டியலுக்குப் போய்விடுவார்கள். துபாயில் இருந்து வர முடியாது என்று சொல்லிவிட்டவருக்கு இலை ஒதுக்கியிருப்பீர்கள். எனக்கு இது பிடிக்காது. சாமானைக் குறையுங்கள், நாளைக் குறையுங்கள், ஆளைக் குறைக்காதீர்கள்.

ஆள் நிறைய வந்தால் சமாளிக்க முடியுமா என்றால், வந்தவர்களுக்கு வேலை கொடுத்தால் முடியும். கோனார் வீட்டுக்குப் பால். பந்தல்கால் ஊன்றக் கீழ்த்தெருப் பிள்ளைகள். குலவையிட, பூக்கட்ட, காய் அரிய அக்கம்பக்கத்துப் பெண்கள். பந்தி விசாரிக்க, குரல் பெரிய பங்காளி ஒருவர். செருப்புக்குக் காவலாக உங்கள் தம்பி. சும்மா உட்கார்ந்திருப்பவர்தான் காப்பி ஆறிவிட்டது என்று குறை சொல்வார். தேங்காய் துருவிக்கொண்டிருப்பவருக்கு அதற்கு நேரம் இருக்காது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வேலைக்குக் கூப்பிட்டவர்களுக்குப் பேசிய கூலியை அன்றைக்கே கொடுங்கள், எல்லாருக்கும் ஒரே பந்தி போடுங்கள். அந்தக் காலத்தில் ஊரே கூடிக் கல்யாணம் செய்தது என்று உருகுகிறவர்கள், ஊரில் பாதிப் பேர் பின்கட்டு வாசலுக்கு வெளியே உச்சி சாய்ந்த பிறகு ஆறிய சோறு வாங்கிக்கொண்டு போனதைச் சொல்வதில்லை. நான் கண்ணால் பார்த்தவள். அந்த வழக்கத்தையும் பழைய குண்டான்களோடு சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் விவசாயக் குடும்பம். மகன் கல்யாணப் பத்திரிகையில் 'மொய் தவிர்க்கவும்' என்று போடலாம் என்கிறான். நாங்கள் ஊரெல்லாம் செய்த மொய் நோட்டில் அப்படியே நிற்கிறது. என்ன செய்வது?
– ஒரு வாசகர், புதுவயல் பக்கம்

மகன் நல்ல மனசோடு சொல்கிறான், ஆனால் அவன் மொய் நோட்டைப் புரட்டிப் பார்த்ததில்லை. நீங்கள் இத்தனை வருஷம் செய்தது கொடை என்றால் விட்டுவிடலாம். உங்கள் பக்கத்தில் அது வட்டியில்லாக் கடன். எங்கள் நகரத்தார் வழக்கத்தில் மொய்ப்பணம் பெயருக்குத்தான். யார் எந்த முறையில் வந்தார் என்று ஏட்டில் ஏற வேண்டும், அவ்வளவே. உங்களுக்குக் கிழக்கே கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கம் போனால் கதை வேறு. ஆடி, ஆவணியில் மொய் விருந்து என்றே தனியாகப் பத்திரிகை அடித்து, கறிச்சோறு போட்டு, பணம் எண்ணும் மெஷின் வைத்து வாங்குகிறார்கள். ஒருவர் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை வைக்கலாம். வாங்கியதைக் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்யாவிட்டால் தலை காட்ட முடியாது. அந்தப் பணத்தில் போர்வெல் போட்டவர்கள் இருக்கிறார்கள், பெண்ணைக் காலேஜில் படிக்கவைத்தவர்கள் இருக்கிறார்கள். வாங்கியதைத் திருப்ப முடியாமல் நிலத்தை விற்றவர்களும் இருக்கிறார்கள்.

நீங்கள் மொய் வேண்டாம் என்றால் இரண்டு பேருக்குச் சங்கடம். உங்களுக்குத் திருப்ப வேண்டியவர் கடனாளியாகவே நிற்பார். நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் போனால் அவருக்கு முகம் கொடுக்கக் கூச்சமாக இருக்கும். அதனால் பத்திரிகையில் எதுவும் போட வேண்டாம். நோட்டை எடுத்து உட்காருங்கள். உங்களுக்கு வர வேண்டியது வரட்டும், வரவு வைத்துக் கோடு போட்டு முடியுங்கள். புதிதாக யாராவது செய்ய வந்தால், "இருக்கட்டும்ப்பா, நீ வந்ததே போதும்" என்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கணக்கு மகனோடு தீரும், பேரனுக்கு நோட்டு இருக்காது. தாய்மாமன் செய்வதை மட்டும் தடுக்காதீர்கள். அதைத் தடுத்தால் வருகிற சண்டைக்கு என்னிடம் பதில் கிடையாது.

கேள்வி: நூற்றைம்பது பேருக்கு வீட்டிலேயே சமைக்கலாமா? காலைப் பலகாரத்துக்கு வெள்ளைப் பணியாரம் கட்டாயம் வேண்டும் என்கிறார் மாமியார்.
– ஒரு வாசகி, கோட்டையூர்

சமைக்கலாம். ஆனால் தெரிந்த தவசிப்பிள்ளை ஒருவர் தலைமையில் சமையுங்கள். சொந்தக்காரப் பெண்களை நம்பினால் முகூர்த்த நேரத்தில் எல்லாரும் பட்டுச் சேலை மாற்றப் போய்விடுவார்கள், சாம்பார் அடிப்பிடிக்கும்.

ஆளுக்கு நூறு கிராம் அரிசி என்று பட்டணத்தில் கணக்குப் போடுவார்கள். ஊரில் பதினெட்டு கிலோ வாங்குங்கள். சாம்பாருக்கு நூறு பேருக்கு இரண்டரை கிலோ துவரம் பருப்பு பழுதில்லை. வாழையிலை எப்போதும் முப்பது கூடுதலாகச் சொல்லுங்கள், கிழிந்தது போக மிச்சம் மாட்டுக்கு ஆகும்.

இனி உங்கள் மாமியாரின் பணியாரம். பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேல் கோபுரமாக நிற்கிற அளவு உளுந்து. சேர்த்து ஊறவைத்து, நைசாக ஆட்டி, உப்பும் கொஞ்சம் பாலும். அளவெல்லாம் சுலபம். கஷ்டம் என்னவென்றால் மாவு புளிக்கவே கூடாது, ஆட்டிய கையோடு ஊற்ற வேண்டும். எண்ணெயில் ஒரு கரண்டி ஊற்றி, எழும்பி, திருப்பி, வெள்ளை மாறாமல் எடுத்த பிறகுதான் அடுத்த கரண்டி. ஆளுக்கு இரண்டு என்றால் முந்நூறு பணியாரம், ஒன்றொன்றாக! இரண்டு சட்டி வைத்தாலும் விடியக் கருக்கலில் உட்கார்ந்தவர் மணி ஒன்பதுக்குத்தான் எழுந்திருப்பார்.

ஆகவே மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: சம்பந்தப்புரத்தார் பந்திக்கு மட்டும் பணியாரம், மற்ற எல்லாருக்கும்... அடடா, மேலே இப்போதுதானே ஒரே பந்தி என்று எழுதினேன். சரி, யாருக்குமே வேண்டாம். எல்லாருக்கும் இட்லி, கத்திரிக்காய் கோசமல்லி, இனிப்புக்குக் கவுனி என்கிற கறுப்பரிசி. கவுனியை முதல் நாள் இரவே ஊறவைத்து, காலையில் குழைய வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்த்துக் கிளறினால் வேலை முடிந்தது. பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போனவர்கள் கொண்டுவந்த அரிசி, கௌரவத்துக்கும் குறைச்சல் இல்லை. பணியாரத்தை மறுவீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு இருபது பேர்தான். மத்தியானத்துக்கு அரிசி கழுவிய நீரில் செய்கிற வெண்டைக்காய் மண்டி மறக்க வேண்டாம். பதினெட்டு கிலோ அரிசி களைகிற வீட்டில் மண்டிக்குக் கழுநீர் பஞ்சமா?

கேள்வி: ஐயர், ஓமம் எதுவும் இல்லாமல், திருக்குறள் படித்து, மாலை மாற்றிக் கல்யாணம் செய்துகொள்ள நானும் அவளும் முடிவு செய்திருக்கிறோம். "நாளைக்குச் சட்டப்படி செல்லாதுன்னு சொல்லிட்டா?" என்று என் அம்மா பயப்படுகிறார்.
– மாப்பிள்ளை, கல்லல்

உங்கள் அம்மா பயம் ஆதாரமில்லாத பயம் கிடையாது. ஒரு காலத்தில் செல்லாது என்றுதான் சொன்னார்கள். அந்த வழக்கே நம் பக்கத்துப் பெயர்கள் கொண்டதுதான்: தெய்வானை ஆச்சி, சிதம்பரம் செட்டியார். 1953ல் சென்னை உயர்நீதிமன்றம், சடங்கில்லாத சுயமரியாதைக் கல்யாணம் சட்டப்படி கல்யாணம் ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது. அப்படிக் கல்யாணம் செய்துகொண்டு பிள்ளை குட்டியோடு வாழ்ந்தவர்கள் கதி என்ன ஆகியிருக்கும், நினைத்துப் பாருங்கள். 1967ல் அண்ணா முதலமைச்சரானதும் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்து அதைச் சரிசெய்தார்கள். முன்னால் நடந்த கல்யாணங்களும் அதனால் செல்லுபடியாயின.

உறவினரோ நண்பரோ இருக்க, இவளை மனைவியாக ஏற்கிறேன், இவரைக் கணவராக ஏற்கிறேன் என்று இருவருக்கும் புரிந்த மொழியில் சொன்னாலே போதும். மாலை மாற்றினாலும் போதும், மோதிரம் மாற்றினாலும் போதும், தாலி கட்டினாலும் போதும். அப்புறம் மறக்காமல் பதிவு செய்யுங்கள். 2009ஆம் வருஷச் சட்டப்படி எந்த மதத்துக் கல்யாணமானாலும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். விட்டால் 150 நாள் வரை கூடுதல் கட்டணத்தோடு பதியலாம். பத்திரிகை, வயசுச் சான்று, முகவரிச் சான்று, சாட்சிகளின் சான்று எல்லாவற்றையும் கல்யாணத்துக்கு முன்னாலேயே ஒரு பையில் போட்டு அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். அவர் பயம் பாதி அப்போதே போய்விடும்.

மீதிப் பாதி சட்டத்தைப் பற்றிய பயமாக இருக்காது. ஊர் என்ன சொல்லும் என்பதாக இருக்கும். அதற்கு ஒரு வழி. குறள் படிக்க வெளியூரிலிருந்து பேச்சாளரைக் கூட்டிவராதீர்கள். உங்களுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்த வாத்தியாரைக் கூப்பிடுங்கள், அம்மாவின் அண்ணனை மாலை எடுத்துக்கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் கணவர் இல்லை. மகள் கல்யாணத்தில் நான் மணைக்குப் பக்கத்தில் நிற்கலாமா? கொழுந்தனாரும் அவர் மனைவியும் நின்று செய்துவைப்பார்கள் என்கிறார்கள்.
– பெயர் வேண்டாம், தேவகோட்டை

நில்லுங்கள்.

என் ஆயா, அதாவது பாட்டி, முப்பது வயசுக்குள் கணவரை இழந்தவர். வீட்டில் எந்தக் கல்யாணம் என்றாலும் அரிசி அளப்பது முதல் பாத்திரம் எண்ணி வைப்பது வரை அவர்தான். திருப்பூட்டு நேரத்தில் மட்டும் இரண்டாங்கட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விடுவார். சங்குச் சத்தம் கேட்டுத்தான் அவருக்குக் கல்யாணம் முடிந்தது தெரியும். என் முறை வந்தபோது என் மகன் மணைக்குப் பக்கத்தில்தான் நான் நின்றேன். இரண்டு பேர் முகம் சுளித்தார்கள், பிறகு பந்தியில் நன்றாகவே சாப்பிட்டார்கள். மகன் மருமகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள், ஒரு குறையும் இல்லை.

கொழுந்தனாரிடம் சண்டை வேண்டாம். அவர்களும் நிற்கட்டும், நீங்களும் நில்லுங்கள், வளவில் இடத்துக்கா பஞ்சம்? முடிந்தால் மகளை விட்டே சொல்லவையுங்கள்: "ஆத்தா வந்து நின்னாத்தான் நான் மணையில உட்காருவேன்." பெண் இப்படிச் சொன்ன பிறகு எந்தச் சபையும் வாய் திறக்காது.

கேள்வி: தாம்பூலப் பைக்குப் பதில் ஓலைக் கொட்டான் கொடுத்தால் பழைய பாணி என்று சிரிப்பார்களா?
– ஒரு வாசகி, நெற்குப்பை

சிரிக்கட்டும். மறுநாள் அதை யாரும் குப்பையில் போட மாட்டார்கள், நீங்களே பாருங்கள். பனையோலை நறுக்கி, சாயம் தோய்த்துக் காயவைத்து, கையால் முடைய வேண்டும். இரண்டு மாசம் முன்னால் சொன்னால்தான் கிடைக்கும். உள்ளே வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு தேங்காய் போதும். கொட்டானுக்குள் பிளாஸ்டிக் டப்பா வைத்துக் கொடுத்தால் நான் சிரிப்பேன்.

கேள்வி: போன மாதம் ஒரு கிராமத்துக் கல்யாணம். கடைசிப் பந்தியில் உட்கார்ந்த எங்களுக்குப் பாயசம் இல்லை. கேட்டால் 'சின்னதாச் செஞ்ச கல்யாணம்' என்கிறார்கள். இது நியாயமா?
– நான்கு நண்பர்கள், திருப்பத்தூர்

நியாயம் இல்லை. பாயசத்தில் ஒரு தூக்குச்சட்டி எடுத்து மூடி, நிலைப்படிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்க வேண்டும். எங்கள் அடுப்படியில் அது நடந்திருக்காது. ஆனால் ஒரு சந்தேகம். நாலு பேரும் கடைசிப் பந்தி வரை எங்கே இருந்தீர்கள்? திண்ணையில் சீட்டுக் கட்டு கிடந்ததா?